மூச்சுக்குழாய் வைத்து மூடிய கிணறுகள்

“உங்க நைனா மண்ணு சொமந்துச்சு. நீ மண்ணப் பாத்து சர்ட்டிபிகேட் குடுக்கப் போறியா?”

பட்டாபிராமில் ஓர் அஸ்திவாரக் குழியின் கரையில் நின்றுகொண்டு தணிகாசலம் மேஸ்திரி என்னிடம் இப்படிக் கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கேலியாகத்தான் கேட்டார், ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தார். என் அப்பா அவரிடம் பல வருடம் மண் வேலை பார்த்தவர். நான் ஏணி வழியாகக் குழிக்குள் இறங்கினேன். அடிக்கம்பிகளுக்குக் கீழே வைக்க வேண்டிய சிமென்ட் கட்டைகள் இல்லை. கம்பி மண்ணிலேயே படுத்துக் கிடந்தது.

“இதத் தூக்கி வையுங்க மேஸ்திரி. அதுவரைக்கும் காங்கிரீட் கிடையாது.”

“பாத்தியாடா,” என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னார். “நம்ம சொக்கலிங்கம் பொண்ணு. இன்னா பேச்சு பேசுது பாரு.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது, தேடியதும் இல்லை. ஆவடியில் டிப்ளமோ முடித்தேன், வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரத்தில் பொறியியல் பட்டம் வாங்கினேன். அந்த வருடங்களில் பேருந்து, தூக்கம், தேர்வு தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

போன மாதம் அந்த அலுவலகத்திலிருந்து விலகினேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரையை முப்பத்து மூன்று வயதில் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் அங்கே இப்போது வேலை பார்க்கும் இளையவர்கள். விடைபெறும் நாளில் கேக்கை வெட்டிக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, இப்ப எல்லாமே ஆன்லைன். சின்ன வீட்டுக்கு சுயசான்று போதும்னு ஆயிடுச்சு. பெரிய கட்டடத்துக்கும் போட்டோ வந்துடுது. நேர்ல போய் அப்படி என்னதான் பார்ப்பீங்க?” அவளுக்கு அன்று பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேக் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு மருந்துக்கடையின் மாடியில், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரின் அலுவலகம். கட்டடம் கட்டுகிறவர் அனுமதி வாங்கிய வரைபடத்தோடு எங்களிடம் வருவார். அஸ்திவாரம் முடிந்து தரைமட்டம் வந்ததும் ஒரு முறை, கட்டி முடித்ததும் ஒரு முறை, நாங்கள் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் முடிவுச் சான்று. அந்தச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வராது, குடியேற முடியாது. ஆகவே, எங்களைக் கூப்பிடும்போது எல்லோருமே அவசரத்தில் இருப்பார்கள்.

போய்ப் பார்ப்பவள் நான். கையெழுத்துப் போடுகிறவர் பத்மநாபன் சார்.

சார் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. நான் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்லும்போது முகத்தை நிமிர்த்தவும் மாட்டார். செய்தித்தாளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டுக்கொண்டே இருப்பார். நான் சொல்லி முடித்ததும் பேனா நிற்கும். “நீ பார்த்தியா, சொன்னாங்களா?” ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. மாடிப்படியின் கைப்பிடி உயரத்தை நான் அளந்தேனா, அல்லது மேஸ்திரி சொன்ன அளவா? லிப்ட் குழிக்குக் குறுக்கே பலகை அடித்திருப்பதைப் பார்த்தேனா, அல்லது அடித்துவிடுவதாகச் சொன்னார்களா? “சொன்னாங்க சார்” என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், திரும்ப ஸ்கூட்டியை எடுக்க வேண்டியதுதான். கோபமே படாமல், “போயிட்டு வாம்மா, வெயில் தாழ்ந்து போ,” என்பார். அவர் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குப் பிடிக்காத விஷயம் மேசைக்கு வந்தால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, வேறொரு பைலைத் திறப்பார். நானும் பல வருடம் அதை நிதானம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி பாரிவாக்கத்துக் கட்டடம்.

கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே நான்கு மாடி. கட்டியவர் தணிகாசலம் மேஸ்திரி. இதற்குள் அவர் பில்டர் ஆகியிருந்தார், கார் வாங்கியிருந்தார். என்றாலும் எல்லோருக்கும் மேஸ்திரிதான். முதல் மாடியில் வீடு வாங்கிய கோயம்புத்தூர்த் தம்பதி வெள்ளிக்கிழமைக்குக் கிரகப்பிரவேசம் வைத்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். நான் திங்கட்கிழமை காலை போனேன்.

எப்போதும் போல வெளியே ஒரு சுற்று நடந்து பக்க இடைவெளிகளை அளந்தேன். தூண்களைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்டேன். நல்ல காங்கிரீட் தட்டினால் மணி போல் பதில் சொல்லும். மேஸ்திரியின் தூண்கள் எல்லாம் பதில் சொல்லின. நல்ல வேலைக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

“மழைநீர் சேகரிப்பு எங்க மேஸ்திரி? வரைபடத்துல வாசல் கேட் பக்கத்துல காட்டிருக்கு. அங்க காணோமே.”

“அது இந்தப்பக்கம் வந்துட்ச்சு மேடம். வாங்க.”

வண்டி நிறுத்துமிடத்தின் வடக்கு மூலையில், ஒரு தூணை ஒட்டி, காவலாளிக்கு ஓர் அறை கட்டியிருந்தார்கள். தரைமட்டச் சோதனைக்கு நான் வந்தபோது அந்த மூலையில் மண் குவியல்தான் இருந்தது. மாரி என்ற காவலாளியும், அவர் மனைவி சரோஜாவும், அவர்களுடைய கைக்குழந்தையும் அதில் இருந்தார்கள். மேஸ்திரி வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். பளிங்குத் தரை போட்ட மேல் வீடுகளில் செருப்போடு நடந்த மனிதர், காவலாளி அறைக்குச் செருப்பைக் கழற்றுகிறாரே என்று பார்த்தேன்.

“இன்னா மேஸ்திரி, கோயிலா?”

“சாமி படம் மாட்டிகிறாங்கல்ல,” என்றார். அறைக்குள் வரவில்லை.

உள்ளே தரை ஓடுகளுக்கு நடுவே, குளியலறையில் இருப்பது போல, ஓட்டைகள் போட்ட வட்டமான எவர்சில்வர் மூடி இருந்தது. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயைச் சுவருக்குள் கொண்டுவந்து இதற்குக் கீழே இணைத்திருக்கிறார்கள் என்றும், அதுதான் சேகரிப்புக் குழி என்றும் மேஸ்திரி வெளியிலிருந்தே விளக்கினார். சரோஜா அப்போதுதான் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியிருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. ஊதுபத்திப் புகை ஒரு சாண் மேலே எழுந்து, நின்று, வளைந்து, கீழே இறங்கி, தரையோடு தவழ்ந்துபோய் அந்த மூடிக்குள் நுழைந்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சரோஜாவும் என்னைப் பார்த்தாள்.

“காலைல உள்ள போவும் மேடம்,” என்றாள் மெதுவாக. “மத்தியானத்துக்கு மேல வெளிய வரும். காலண்டர் தானா பொரளும். இவுருகிட்ட சொன்னா எனக்குப் பைத்தியம்னுது.”

“பின்ன இன்னா,” என்றார் மாரி. “தூங்க வுடாம காத்து வருது, காத்து போவுதுன்னா?”

“காத்துகூட பரவால்ல மேடம். நாங்க பேசுனா எதுவோ கம்முனு கேட்டுக்கினு கீறாமாறி கீது. அதான் குழந்தயத் தாலாட்டவே வுட்டுட்டேன்.”

அவள் சொன்ன பிறகு எனக்கும் புரிந்தது. அந்தச் சின்ன அறையில் எங்கள் குரல் அறையைவிடப் பெரிதாக இருந்தது.

சேகரிப்புக் குழியைச் சோதிக்கும் முறை எளிது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜல்லியும் மணலும் போட்ட குழியானால் தண்ணீர் கொஞ்சம் தேங்கி, குமிழ் விட்டு, மெல்ல இறங்கும். நான் ஊற்றினேன். தண்ணீர் நிற்கவே இல்லை. வாளியை நிமிர்த்தி, கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்ட பிறகு, எங்கோ வெகு ஆழத்தில் அது போய் விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் தண்ணீரில் விழும் சத்தம்.

மாரி முதன்முறையாக அதைக் கேட்டார் போலிருந்தது. எழுந்து மனைவியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கிணற்றை மூடும்போது ஒரு குழாயை நட்டு வைப்பார்கள், கிணறு மூச்சு விடுவதற்காக. நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் தெருக்கிணற்றை மூடி அப்படி வைத்த குழாய்க்கு மஞ்சள் பூசியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்து கேட்டேன்.

“இங்க கெணறு இருந்துதா மேஸ்திரி?”

“இருந்துச்சு. கழனிக் கெணறு.” மறைக்கவே இல்லை. “மூடிட்டுதான் கட்டுனேன். மூச்சுக்கு கொழாவும் வச்சேன். எல்லாம் மொறையாத்தான் செஞ்சேன்.”

“என்ன போட்டு மூடினீங்க?”

என் கேள்வி அவருக்கு அசிங்கமாகப் பட்டதை முகத்தில் பார்த்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ஏழு கன்னிமாரு கீற கெணறு மேடம் அது. அதுல செங்கல்லும் குப்பையும் கொட்டச் சொல்றியா? கருங்கல் பலகை போட்டு வாய மூடுனேன், மேல மண்ணப் போட்டேன். உள்ள ஒரு கூடை மண்ணு வுழல. என் கைல சூடம் ஏத்தி மூடுனது.”

பயபக்தியோடு செய்த காரியம் அது. கிணற்றை நிரப்பாமல், அதன் மேல் கல்லை அடுக்கி, மண்ணைப் போட்டு, ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருந்தார். கல் தச்சரும் கொத்தனாரும் குழாயை மரியாதையாக விட்டுவைத்தார்கள். பிறகு ஓடு ஒட்ட வந்த வெளி மாநிலத்து ஆட்களுக்கு அது என்னவென்று தெரியாது. தரைமட்டத்தில் அறுத்து, கழுவும் தண்ணீர் போவதற்கென்று நினைத்து மூடி போட்டார்கள். குழாய் வேலை செய்தவர், தயாராக ஒரு குழி இருக்கிறதே என்று மழைத்தண்ணீரையும் அதில் திருப்பிவிட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க மொட்டைமாடித் தண்ணீர் மொத்தமும், சிமென்ட் பூசாத அந்தப் பழைய கிணற்றுச் சுவரை அரித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் வடக்கு மூலைத் தூண்.

புகை உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் காரணம் இருக்கிறது. காலையில் காற்றின் அழுத்தம் ஏறும், பிற்பகலில் இறங்கும். பூமிக்குள் பெரிய வெற்றிடம் இருந்து ஒரு துளையும் இருந்தால் அதுவும் கூடவே மூச்சு வாங்கும். இதைப் படித்திருக்கிறேன். அங்கே மண்டியிட்டு, அறுத்த குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து, என் கையை எதுவோ மெல்லக் கீழே இழுப்பதை உணர்ந்தபோது, படித்தது எதுவும் துணைக்கு வரவில்லை.

தூணும் அறைச் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. புதுச் சுவரில் விரிசல் சகஜம். அது நின்றுவிட்ட விரிசலா, நடந்துகொண்டிருக்கும் விரிசலா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு பழைய முறை உண்டு. மெல்லிய கண்ணாடிச் சில்லை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் வைத்து ஒட்டிவிட்டுப் போக வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒட்டினேன். பிறகு சரோஜாவிடம், இன்றைக்கு இந்த அறையில் படுக்க வேண்டாம் என்றேன்.

“பின்ன எங்க மேடம் போவோம்?”

“மேல வீடு காலியாத்தானே இருக்கு.”

மேஸ்திரி பதறினார். “அய்யோ, பாப்பா! வித்த ஊடு அது. பால் காச்சறதுக்கு முன்னால வாட்ச்மேன் பாயப் போட்டா அந்தக் கோயம்புத்தூரம்மா என்ன சும்மா வுடுமா?”

“அப்ப உங்க வீட்ல படுக்க வைங்க. கன்னிமாரு தலைமேல குழந்தய மூத்திரம் போக வுட்டுகிறீங்களே, அது மட்டும் மொறையா?”

அவர் முகம் மாறியது. அதை அவர் யோசித்துப் பார்த்ததில்லை. நானே சரோஜாவின் பாயையும் தொட்டிலையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அவர் தடுக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய் சாரிடம் சொன்னேன். கட்டம் போடும் பேனா நின்றது.

“நீ பார்த்தியா, சொன்னாங்களா?”

“பார்த்தேன் சார். கேட்டேன். கை வச்சும் பார்த்தேன்.”

அவர் மறுநாள் பிற்பகலில் என்னோடு வந்தார். நான் ஒட்டிய கண்ணாடி குறுக்கே உடைந்திருந்தது. சார் அதையே வெகு நேரம் பார்த்தார். “பிளாஸ்டர் காயறதுக்குள்ள யாராவது கை பட்டிருக்கும்,” என்று சொல்லிவிட்டு, தன் கையாலேயே வேறொரு சில்லை ஒட்டினார். மிக அழகாக ஒட்டினார். காயும்வரை நாங்கள் மூவரும் அறைக்குள் நின்றோம். இந்த முறை மேஸ்திரியும் உள்ளே வந்திருந்தார், செருப்பில்லாமல். குழாயிலிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்துகொண்டிருந்தது. ஈரமண்ணும் பாசியும் சேர்ந்த வாசனை. சுவரில் காலண்டர் தாள் ஒன்று உயர்ந்து, அப்படியே நின்றது. யாரும் பேசவில்லை. பேசினால் கேட்கும் என்று சரோஜா சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதைத் தெரியாத சாரும் ஏனோ வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கண்ணெதிரே, சின்ன ஒரு ‘டிக்’ சத்தத்தோடு கண்ணாடி உடைந்தது.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“படிவத்துல கிணறுன்னு ஒரு கட்டம் இல்லையேம்மா,” என்றார். “வெள்ளிக்கிழமை கழியட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்.”

“வெள்ளிக்கிழமை இதே இடத்துல பந்தி போடுவாங்க சார்.”

சார் வாசலுக்குப் போய், கழற்றி வைத்த செருப்புக்குள் கால் நுழையாமல் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

அன்றே அந்தக் கோயம்புத்தூர் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.

“ஏனுங்க மேடம், ஊர்ல இருந்து எல்லாரும் பஸ் டிக்கெட் எடுத்தாச்சுங்க. இப்பப் போயிச் சொன்னா எப்புடிங்க?” அழும் குரலில் கேட்டார்.

“விசேஷத்தை மண்டபத்துல வச்சுக்குங்க. பால் காய்ச்சறத தள்ளி வைங்க.”

“அப்புடி என்னங்க ஆயிப்போச்சு? மேஸ்திரி ஒண்ணுமில்லீங்கிறாரே?”

என்னால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை. “கீழே வெறும் இடமா இருக்குங்க,” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை முற்பகலில் ஒரு கோடை மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காவலாளி அறையின் கதவு பூட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் அப்படியே இருந்தது. சரோஜா குழந்தைக்குச் சட்டை எடுக்க வேண்டும் என்று சாவியோடு இறங்கி வந்தாள். கதவைத் திறந்தவள் உள்ளே காலெடுத்து வைக்காமல் அப்படியே நின்றாள். என் கையைத் தேடிப் பிடித்தாள்.

உள்ளே தரை இல்லை.

சுவர்கள் இருந்தன, ஜன்னல் இருந்தது, சாமி படமும் மாலையும் இருந்தன. தரை இருந்த இடத்தில், யாரோ கவராயம் வைத்து வரைந்தது போல ஒரு வட்டம். ஓரத்தில் ஓட்டுத் துண்டுகள் பல்வரிசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அடியில், மேகமில்லாத வானத்தைப் போலத் தெளிவான தண்ணீர் தெரிந்தது, அதில் கதவு நிலையும் எங்கள் இரண்டு பேரின் தலையும். பாய் விரிக்கும் இடம் சரியாக வட்டத்தின் நடுவில் இருந்தது. காலண்டர் தாள்கள் எல்லாம் சேர்ந்து மேல்நோக்கிப் புரண்டுகொண்டிருந்தன. கருங்கல் பலகைகளும் அத்தனை மண்ணும் உள்ளே விழுந்திருக்கின்றன. மாடியில் இருந்த மாரிக்கோ, வாசலில் பூ விற்ற அம்மாவுக்கோ, ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

“நான் பைத்தியம் இல்ல, பாத்தியா,” என்றாள் சரோஜா, மாடிப்படியில் இறங்கி வந்த கணவனிடம்.

குழியின் பக்கவாட்டில் வடக்குத் தூணின் அடித்தளம் தெரிந்தது. ஒரு பக்கம் மண்ணில் இருந்தது. மறுபக்கம் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் இரும்பு முட்டுகள் வந்தன, மேலே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் இறக்கப்பட்டார்கள், வாசலில் தடுப்பு கட்டப்பட்டது. சார் வந்து பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல், சான்று மறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடித்தளத்தைப் பலப்படுத்தி, கிணற்றை ஒழுங்காக நிரப்பி, அந்தக் கட்டடத்துக்குச் சான்று கிடைக்கப் பல மாதம் ஆயிற்று. கோயம்புத்தூர்த் தம்பதி இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். பால் காய்ச்சியபோது சரோஜாவுக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்தார்கள்.

என் வேலையை முடித்தது அந்தக் கட்டடம் அல்ல. முட்டு கொடுத்துக்கொண்டிருந்த அன்று மாலை, தணிகாசலம் மேஸ்திரி மணல் குவியல் மேல் உட்கார்ந்து சொன்னதுதான்.

“சோப்புத் தண்ணி ஊத்திகிறோம் மேடம் அவங்க மேல. அதான் கோவம். மத்த எடத்துல அப்படி ஒண்ணும் ஆவல பாரு.”

“மத்த இடமா?”

“இது போவ, இங்க இருந்து குத்தம்பாக்கம் வரைக்கும் ஆறு கெணறு மூடிகிறேன். எல்லாம் இதே மாறிதான், மரியாதயா. ஒண்ணுத்துலயும் மண்ணு கொட்டல.” பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு, தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மெல்ல எழுந்து, தான் உட்கார்ந்திருந்த தரையைக் குனிந்து பார்த்தார்.

ஆறு கட்டடத்திலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வந்து, ஐ.டி.யில் வேலை பார்த்து, கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள். ஆறுக்கும் நான் சேர்வதற்கு முன்பே எங்கள் அலுவலகம்தான் சான்று கொடுத்திருந்தது. சாரிடம் போய்ச் சொன்னேன்.

“அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. முடிஞ்ச பைலை யாரும் திறக்க மாட்டாங்க.”

“நாம திறக்கலாம் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டி, இன்னொரு பைலைத் திறந்தார். பயந்திருந்தார், அவ்வளவுதான். அவரை நான் இன்றும் திட்டுவதில்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு எதிரே இனி நின்றுகொண்டிருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. பட்டம் கையில் இருந்தது. பதிவுக்கு விண்ணப்பித்தேன். பதிவு எண் வந்த அன்று விலகல் கடிதம் கொடுத்தேன்.

மேஸ்திரி ஒரு நிபந்தனையோடு இடங்களைக் காட்ட ஒப்புக்கொண்டார். நிரப்புவதற்கு முன் கன்னிமாரிடம் உத்தரவு கேட்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் எடுத்து ஏரியில் விட வேண்டும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். வரைபடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கேட்டுக்கு வெளியேயும் நின்று கையை நீட்டினார். “இங்க, அந்த வெள்ளக் கார் நிக்குது பாரு, அதுக்குக் கீழ.” அடுத்த கட்டடத்தில், “தோ, பசங்க ஷட்டில் ஆடறாங்களே.” சிறுவர்கள் கோடு கிழித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இறகுப்பந்து தரையில் விழும்போதெல்லாம் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

ஆறு குடியிருப்போர் சங்கங்களுக்கும் என் பெயர் போட்ட கடிதம் அனுப்பினேன். கட்டட அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்கும் ஒரு நகல். முதலில் கூப்பிட்டவர் ஒரு மதுரைக்காரர், அந்த வெள்ளைக் கார்க் கட்டடத்தின் செயலாளர்.

“என்னங்க, பேய்க்கதை மாதிரில்ல எழுதியிருக்கீங்க?”

“பேய் எல்லாம் இல்ல சார். காரை எடுத்துட்டு ஒரு கடப்பாரையால தட்டிப் பாருங்க. பக்கத்துல தட்டுங்க, அப்புறம் அங்க தட்டுங்க.”

அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். குரலே வேறாக இருந்தது. “எப்ப வர்றீங்க?”

இன்று காலை அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து வண்டிகளை எல்லாம் தெருவுக்குத் தள்ளினோம். தூண்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகு தரையை வெட்டித் திறந்தார்கள். கல் பலகையைக் கப்பி வைத்துத் தூக்கியதும், உள்ளே அடைபட்டிருந்த குளிர் எங்கள் கணுக்காலைச் சுற்றி வெளியேறியது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து தெருவில் நின்றார்கள். மேஸ்திரி சூடம் ஏற்றிக் கும்பிட்டு, கயிறு கட்டிய குடத்தை இறக்கித் தண்ணீர் எடுத்தார். தெருவுக்குக் கொண்டுவருவதற்குள் குடத்தை இரண்டு முறை மாற்றிப் பிடித்தார். ஒரு குடம் தண்ணீருக்கு இவ்வளவு கனமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பிறகு மணல். முதல் லாரி பின்பக்கத்தை உயர்த்தியது. மணல் விழுந்தது, விழுந்த சத்தம் நாங்கள் எதிர்பார்த்த நேரத்துக்கு வரவில்லை. இரண்டாவது லாரியையும் கிணறு அப்படியே வாங்கிக்கொண்டது. மூன்றாவது காலியாகித் திரும்பியபோது மதுரைக்காரர் கரையில் குந்தி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அடி இன்னும் தெரியலையே மேடம்,” என்றார்.

“தெரியற வரைக்கும் போடுவோம் சார்,” என்றேன்.

நான்காவது லாரிக்குச் சொல்லிவிட்டேன். திருமழிசையைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது.